இருமலும் பேச்சும்: வாயை விட்டுப் புறப்படும் காற்று எங்கே போகிறது?

முதலாம் தவணை தொடங்கி இரண்டு மூன்று கிழமை போவதற்குள் எமது வகுப்பறைகளில் இருமல் கேட்கத் தொடங்கிவிடும். முதலில் பின்வாங்கில் ஒரு பிள்ளை. இரண்டு நாள் கழித்து அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை. அடுத்த கிழமை இடாப்பைக் கூப்பிட்டால் வகுப்பில் கால்வாசிப் பேர் இல்லை. பெற்றோரிடம் விசாரித்தால் "மழையில நனைஞ்சிட்டான் சேர், அதான் தடிமன்" என்பார்கள். இல்லாவிட்டால் ஐஸ்கிறீமைச் சொல்வார்கள், அதுவும் இல்லாவிட்டால் இளநீரை. மழை, ஐஸ்கிறீம், இளநீர் மூன்றுமே நிரபராதிகள். அந்தப் பிள்ளைக்கு நோயைக் கொடுத்தது அநேகமாக இன்னொருவரின் மூச்சு.

கொரோனாவோடு வாழ்ந்த காலத்தில் நாம் கை கழுவப் பழகினோம். பள்ளிவாசல் முற்றத்தில் தண்ணீர்த் தாங்கியும் சவர்க்காரமும் வைத்தோம். கதவுப் பிடி, மேசை, காசுத்தாள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மருந்து தெளித்தோம். கை கழுவுவது நல்ல பழக்கம்தான், வயிற்றோட்டம் உள்ளிட்ட பல நோய்களைத் தடுக்கிறது. ஆனால் ஒருவரின் வாயிலிருந்து புறப்படும் காற்று எப்படி நகர்கிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று எமது ஊர்களில் எவரும் உட்கார்ந்து விளக்கியதாக எனக்கு நினைவில்லை. அது தெரிந்திருந்தால் வகுப்பறையை, மத்ரஸாவை, பள்ளிவாசலை வேறு விதமாகப் பார்த்திருப்போம். ஜனாஸா எரிப்பு விடயத்திலும் நாட்டுக்கு இன்னும் தெளிவாகப் பதில் சொல்லியிருப்போம். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அதை இங்கே எழுத முயற்சிக்கிறேன்.

ஓய்வாக இருக்கும் ஒரு வளர்ந்தவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய அரை லீற்றர் காற்றை வெளியே விடுகிறார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தடவை. அந்தக் காற்று உடற்சூட்டை அண்டிய சூட்டோடும் நல்ல ஈரப்பதனோடும் வருகிறது. ஜனவரி மாத அதிகாலையில் நுவரெலியாவில் நின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். பேசப் பேச வாயிலிருந்து வெள்ளைப் புகையாக வரும். அதே மூச்சுத்தான் கல்முனையிலும் காத்தான்குடியிலும் வருகிறது. இங்கே சூடு அதிகம் என்பதால் நீராவி ஒடுங்கிப் புகையாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாததால் அதை இல்லாத ஒன்றாகவே கருதிவிட்டோம்.

ஆய்வாளர்கள் இதைப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் தார் வீதியைப் பார்த்தால் வீதிக்கு மேல் காற்று நெளிவது போல் தெரியுமல்லவா? சூடான காற்றின் ஊடாகச் செல்லும் ஒளி வளைவதால் வரும் தோற்றம் அது. இதே தத்துவத்தை ஒரு பெரிய குழிவாடியும் கமராவும் கொண்டு பயன்படுத்தினால் மனிதன் இருமும்போது வெளியேறும் சூடான காற்றைப் படம் பிடிக்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸ் என்ற பொறியியலாளரும் ஜூலியன் டாங் என்ற வைத்தியரும் வேறு சிலரும் சேர்ந்து இப்படி எடுத்த படங்கள் 2009இல் வெளியாகின. முகக்கவசம் இல்லாமல் இருமும்போது காற்று ஒரு தாரையாக நேரே முன்னால் பாய்கிறது. சத்திரசிகிச்சை முகக்கவசம் அணிந்தால் முன்னால் பாய்வது தடைப்படுகிறது. ஆனால் கன்னத்து ஓரங்களாலும் மூக்கின் மேலாலும் கொஞ்சக் காற்று கசிந்து வெளியேறுகிறது. முகக்கவசத்தால் பயனே இல்லை என்றவர்களும் அது போட்டால் போதும் என்றவர்களும் இந்தப் படங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இருமலின் வேகம் வாயருகே செக்கனுக்குப் பத்து மீற்றர் அளவில் இருக்கும் என்று பல அளவீடுகள் சொல்கின்றன. மணிக்கு 36 கிலோமீற்றர். ஊருக்குள் ஓடும் முச்சக்கர வண்டியின் வேகம். ஆனால் இந்த வேகம் நீண்ட நேரம் நிலைப்பதில்லை. தாரை முன்னேறும்போது சுற்றியுள்ள அறைக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. அதனால் பருத்து, வேகம் குறைந்து, ஒரு முகிலாக மாறி மெதுவாக மிதக்கிறது. பழைய பஸ் ஒன்று புறப்படும்போது புகைக்குழாயிலிருந்து வரும் கரும்புகையைக் கவனித்தால் இதே நடத்தையைக் காணலாம். குழாயின் வாயில் கட்டியாக, வேகமாக வருகிறது. நாலு அடி தாண்டியதும் பரந்து, தயங்கி, காற்று அடிக்கும் பக்கமாகப் போகிறது.

இந்த முகிலுக்குள்தான் எச்சில் துளிகள் இருக்கின்றன. நீண்ட காலமாக வைத்தியப் புத்தகங்கள் துளியைக் கல் எறிவது போலப் பார்த்தன. எறிந்த கல் ஒன்றிரண்டு மீற்றரில் விழுந்துவிடும், ஆகவே ஒரு மீற்றர் தள்ளி நின்றால் தப்பலாம் என்பது கணக்கு. எம்.ஐ.டி. நிறுவனத்தின் லிடியா பூருயிபா அதிவேகக் கமராவால் தும்மலையும் இருமலையும் படமெடுத்துக் காட்டியது வேறு. துளிகள் தனித்தனியாகப் பறப்பதில்லை, சூடும் ஈரமும் கொண்ட முகில் அவற்றைச் சுமந்துகொண்டு போகிறது. முகிலுக்குள் இருக்கும்வரை துளி சீக்கிரம் காய்வதும் இல்லை. பலமான தும்மலின் முகில் ஏழு எட்டு மீற்றர் தூரம்கூடப் போகலாம் என்று அவர் 2020இல் எழுதினார். ஒவ்வொரு தும்மலும் அவ்வளவு தூரம் போகும் என்றில்லை. ஒரு மீற்றர் கோட்டைப் பாதுகாப்பு மதிலாக நம்பக் கூடாது என்பதே இதன் பொருள்.

துளியின் அளவுக்கு வருவோம். ஒரு கையில் மணலையும் மறு கையில் கோதுமை மாவையும் எடுத்து வீசினால் மணல் உடனே விழும், மாவு சற்று நேரம் மிதக்கும். எச்சில் துளிகளிலும் இரண்டு விதமும் உண்டு. மனிதத் தலைமுடியை விடச் சற்றுத் தடித்த, அதாவது 100 மைக்ரோமீற்றர் அளவுள்ள துளி, வாயின் உயரத்திலிருந்து ஐந்தாறு செக்கன்களில் தரைக்கு வந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கான 10 மைக்ரோமீற்றர் துளிக்கு அசையாத காற்றில் எட்டு நிமிடம் வேண்டும். 1 மைக்ரோமீற்றர் துணிக்கைக்கு அரை நாள். உண்மையில் எந்த அறையின் காற்றும் அப்படி அசையாமல் இருப்பதில்லை. ஆகவே சிறியவை விழுவதே இல்லை, காற்று போகும் இடமெல்லாம் அவையும் போகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வந்த துளி காய்ந்து சுருங்குவதால் நடுத்தரமானவை பலவும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கை 1934இலேயே வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் போட்டுவிட்டார். விழுவதற்கும் மிதப்பதற்கும் இடையிலான எல்லை 100 மைக்ரோமீற்றரை ஒட்டியது என்று காட்டியவர் அவரே. பிறகு எப்படியோ அந்த எல்லை மருத்துவ வழிகாட்டிகளில் 5 மைக்ரோமீற்றர் என்று ஆகிவிட்டது. அந்த 5 என்பது உண்மையில் காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்துக்குப் போவதற்குத் தேவையான அளவு. இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதை லின்சி மார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழைய நூல்களைத் துருவிக் கண்டுபிடித்தார்கள். ஓர் எண் ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்குக் கொப்பியாகிக்கொண்டே போனதன் விளைவு சிறிதல்ல. 2020 மார்ச் 28ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவும் நோய் அல்ல என்று உலகத்துக்கு அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்றைக் கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது. நிறுவனம் படிப்படியாக மாறி, காற்று வழியைத் தெளிவாக ஏற்றுக்கொள்ள 2021 ஆகிவிட்டது.

இனிப் பேச்சு. இருமல் சத்தம் கேட்டால் நாம் திரும்பிப் பார்க்கிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பேசுபவரிடம் அப்படிச் செய்வதில்லை, மரியாதைக்காக இன்னும் கிட்டப் போகிறோம். ஆனால் ஒரு நாளில் ஒருவர் எத்தனை தடவை இருமுகிறார், எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான் நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஐந்தை ஒரு நாளில் எடுத்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வாய் மூடாமல் காற்றை முன்வாங்குப் பிள்ளைகளின் பக்கமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பிரான்சின் மொன்ட்பெலியேயைச் சேர்ந்த மனூக் அப்காரியனும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ஸ்டோனும் 2020இல் இதை ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்தின் 'பி' போன்ற, உதடுகள் மூடித் திறக்கும் ஒலிகள் வரும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு காற்று உருண்டையை வெளியே தள்ளுகிறது. தொடர்ந்து பேசும்போது இந்த உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டு, இணைந்து, கூம்பு வடிவத்தில் ஒரே தாரையாகிவிடுகின்றன. புகையிரதத்தின் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்று. அரை நிமிடம் தொடர்ந்து பேசினால் அந்தத் தாரை இரண்டு மீற்றரை எட்டிவிடும். அவர்கள் இன்னொன்றையும் படமெடுத்தார்கள். ஒட்டியிருந்த உதடுகள் பிரியும்போது நடுவே எச்சில் மெல்லிய படலமாக இழுபட்டு, இழைகளாகி, அறுந்து, துளிகளாகச் சிதறுகிறது. வெளிவரும் காற்று அந்தத் துளிகளை அள்ளிக்கொண்டு போகிறது. உதட்டில் பூசும் பாம் தடவியபோது அந்த இழைகள் வெகுவாகக் குறைந்தன என்பது ஒரு சுவையான தகவல்.

எமது வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிய பாடம் அல்ல. தஜ்வீத் படித்தவர்கள் ஹம்ஸ், ஜஹ்ர் என்ற பிரிவை அறிவார்கள். ஃபா, ஸீன், ஷீன், ஹா, காஃப் உள்ளிட்ட பத்து எழுத்துகளை உச்சரிக்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், மற்றவற்றில் மூச்சு தடைப்படும். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் ஸீபவைஹி இந்தப் பிரிவைத் தன் நூலில் வகுத்து வைத்திருக்கிறார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ஸீனை நீட்டிச் சொல்லிப் பாருங்கள், பிறகு பாவைச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். பாவில் காற்றோட்டம் குறைவு, ஆனால் உதடுகள் ஒட்டிப் பிரிவதால் மேலே சொன்ன எச்சில் இழை அங்கே உண்டு. எமது தமிழின் 'ப'வும் ஆங்கிலத்தின் 'பி' போல ஊதுவதில்லை. ஒரு கடதாசித் துண்டை வாயருகே தொங்கவிட்டு "பப்பாளி" என்று சொன்னால் அது இலேசாகத்தான் அசையும். "பேப்பர்" என்று ஆங்கிலக்காரர் சொல்வது போல ஊதிச் சொன்னால் துள்ளும். தரம் 8 பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் ஒரு பாடவேளை முழுக்கச் சிரிப்புத்தான், ஆனால் மறக்க மாட்டார்கள்.

சத்தமும் முக்கியம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2019இல் செய்த ஆய்வில், ஒருவர் மெதுவாகப் பேசும்போது செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் வெளிவந்த நுண்துணிக்கைகள் உரத்துப் பேசும்போது ஐம்பது வரை கூடின. அதே சத்தத்தில் பேசினாலும் சிலரிடமிருந்து மற்றவர்களை விடப் பல மடங்கு வந்ததையும் கண்டார்கள். அடுத்த வருடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் லேசர் ஒளித்தாளுக்கு முன்னால் ஆட்களைப் பேசவைத்துப் பார்த்தபோது, அசைவற்ற மூடிய காற்றில் பேச்சுத் துளிகள் 8 முதல் 14 நிமிடம் வரை மிதந்தன. ஆகவே ஆசிரியருக்கும் குத்பா ஓதுபவருக்கும் நல்ல ஒலிவாங்கி கொடுப்பதில் தொண்டைக்கு மட்டுமன்றிக் கேட்பவருக்கும் நன்மை இருக்கிறது. பேசும்போது முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பேசி முடித்ததும் திரும்ப மூக்குக்கு ஏற்றும் எமது பழக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தலைக்கவசத்தைக் கையில் கொளுவிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுவதற்கு அது சமன்.

சத்தத்தின் விலையைக் காட்டிய சம்பவம் ஒன்று அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ஆம் திகதி நடந்தது. ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு இரண்டரை மணித்தியாலம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர், அவர்களில் ஒருவருக்கு ஏற்கனவே தடிமன் குறிகள் இருந்தன. கடைசியில் 53 பேர் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். அதற்கு முன் ஜனவரி 24ஆம் திகதி சீனாவின் குவாங்சோ நகரில், யன்னலே இல்லாத ஓர் உணவகத் தளத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் பகலுணவு உண்டன. ஒரு மேசையில் நோயாளி ஒருவர் இருந்தார். மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்கு நோய் வந்தது. சுவரில் இருந்த குளிரூட்டி அந்த மூன்று மேசைகளின் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. தளத்தின் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் ஒன்றுமில்லை.

இவ்வளவு நேரமும் நான் சொன்ன எல்லாவற்றையும் இயக்குவது ஒன்றே ஒன்று. நெஞ்சுக்கூட்டுக்குள் விரிந்து சுருங்கும் துருத்தி. கொல்லன் துருத்தியை விட்டால் உலையில் காற்று நிற்பது போல, அது நின்றால் இருமல் இல்லை, பேச்சு இல்லை, தாரை இல்லை, முகில் இல்லை.

இந்த ஒரு வரி எமது நாட்டில் புரியாமல் போனதன் வேதனையை நாம் அறிவோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வெளியானது. கொரோனாவால் இறந்த எவரையும் எரிக்கவேண்டும் என்றது. நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். புதைக்கவும் செய்யலாம் எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டியிருந்தது. சுவாசத்தால் பரவும் ஒரு கிருமி, சுவாசமே நின்றுபோன, ஆறடி மண்ணுக்குக் கீழே வைக்கப்பட்ட ஓர் உடலிலிருந்து ஊருக்குள் எப்படி வரும்? ஜனாஸாவைக் கழுவுபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தேவை என்பது நியாயமான எச்சரிக்கை. அதற்கு அப்பால் இருந்தது விஞ்ஞானம் அல்ல. பிறந்து இருபது நாளேயான சிசு ஒன்றும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்தப் பதினொரு மாதங்களிலும் உயிரோடு இருந்தவர்கள் யன்னல் மூடிய பஸ்களிலும் அலுவலகங்களிலும் ஒருவர் மூச்சை ஒருவர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி வர்த்தமானி எதுவும் பேசவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் அறைகளுக்கு வருகிறேன். கிட்ட நிற்பவருக்கு ஆபத்து தாரையால் வருகிறது. அறையின் மறு மூலையில் இருப்பவருக்கு ஆபத்து அறைக் காற்று முழுவதும் கலங்கிப் போவதால் வருகிறது. முதலாவதற்கு இடைவெளியும் முகக்கவசமும் உதவும். இரண்டாவதற்கு அறைக் காற்றை வெளியேற்றுவதும் வடிகட்டுவதும்தான் வழி.

எமது வகுப்பறை ஒன்றை எடுங்கள். இருபது அடி நீளம், இருபது அடி அகலம், பத்தடி உயரம் என்று வைத்தால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 1,13,000 லீற்றர். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு நிமிடத்துக்கு 6 லீற்றர் மூச்சு. ஒரு மணித்தியாலத்தில் 14,400 லீற்றர். அதாவது கதவு, யன்னல் எல்லாம் மூடியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் அறைக் காற்றில் எட்டில் ஒரு பங்குக்குச் சமமான அளவு யாரோ ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் போய் வந்திருக்கும். காலை 7.30இலிருந்து 1.30 வரைக்கும் பார்த்தால் முக்கால் பங்கு. பிள்ளைகள் பத்து மணிக்கே கொட்டாவி விடுவதற்குக் காரணம் பாடம் மட்டுமல்ல.

இதை அளக்கவும் முடியும். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பங்கு. அறைக்குள் ஒரு சிறிய அளவுமானி 1,200 என்று காட்டினால், கூடுதலாக இருக்கும் 780 பங்கும் மற்றவர்களின் மூச்சிலிருந்து வந்தது. அப்படியானால் நீங்கள் உள்ளே இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒரு மூச்சு ஏற்கனவே இன்னொருவர் விட்டது. கருவி இல்லாதவர்களுக்குச் சுலபமான வழி மூக்கு. வெளியிலிருந்து அறைக்குள் நுழையும்போது "புழுக்க வாடை" அடித்தால் அந்தக் காற்று பழையது.

இங்கேதான் எமது ஊர்களில் நடப்பது எனக்குக் கவலை தருகிறது. பழைய பள்ளிவாசல்களை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த முகடு, மூன்று பக்கமும் ஆளுயர யன்னல், மேலே காற்றுப் போக்கிகள். இப்போது வசதி வந்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் அன்பளிப்பில் நாலு குளிரூட்டி பூட்டப்படுகிறது, குளிர் வெளியேறாமலிருக்க யன்னல்கள் கண்ணாடியிட்டு அடைக்கப்படுகின்றன. மேலே இருந்த காற்றுப் போக்கிகளைச் சீமெந்து பூசி மூடிய ஒரு பள்ளிவாசலையும் பார்த்திருக்கிறேன். சுவரில் பூட்டும் சாதாரண குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வெளியே சுவரில் தொங்கும் பெட்டி சூட்டை மாத்திரமே வெளியேற்றுகிறது. உள்ளே இருக்கும் காற்று அதே காற்றுத்தான், குளிராகத் திரும்பத் திரும்ப வருகிறது. தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியும் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. யன்னல் திறந்திருந்தால் அந்தக் கலக்கல் உதவும், மூடியிருந்தால் ஒரு மூலையில் இருமியவரின் முகிலை எல்லா ஸஃப்புக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

பழைய கட்டடங்களின் மதிப்பைப் பெரு நாட்டின் லீமா நகரில் அளந்திருக்கிறார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் எட்டு வைத்தியசாலைகளின் அறைகளைச் சோதித்தார்கள். கதவு யன்னல்களை முழுதாகத் திறந்தபோது அறைக் காற்று மணித்தியாலத்துக்குச் சராசரி 28 தடவை முழுமையாக மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பூட்டிய அறைகளில் அது 12 தடவை. 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த முகடும் பெரிய யன்னலும் உள்ள கட்டடங்களில் 40 தடவை. அவர்கள் காசநோயை மனதில் வைத்து இதைச் செய்தார்கள். காசநோய் காற்றால் பரவுகிறது என்பதை 1950களில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி என்ற வைத்தியர் ஐயமற நிறுவினார். நோயாளிகள் இருந்த வாட்டின் காற்றைக் குழாயால் எடுத்து, மேல் மாடியில் கூட்டில் இருந்த கினிப் பன்றிகளுக்கு அனுப்பினார். நோயாளியை ஒரு தடவையும் காணாத அந்தப் பிராணிகளுக்கு நோய் வந்தது. சின்னமுத்துக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கக்கூடும். ஆகவே இது கொரோனாவோடு முடிந்த கதை அல்ல. வீட்டில் ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்கக் கொண்டுபோங்கள், அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அது இலவசம். அவர் படுக்கும் அறையின் யன்னல் திறந்திருக்கட்டும்.

தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிச் சத்தத்தைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்று ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். இதை வைத்து விஞ்ஞானக் கண்டுபிடிப்பு என்று பெருமையடித்துக் கட்டுரை எழுதுவதில் எனக்கு ஆர்வமில்லை. சின்ன வயதில் ஓதிப் படித்த அந்த ஒழுக்கத்தைச் ஸஃப்பில் நிற்கும்போது எத்தனை பேர் கடைப்பிடிக்கிறோம் என்பதைத்தான் கேட்கிறேன். முழங்கை மடிப்பிலோ சால்வையிலோ இருமினால் முன்னால் பாயவேண்டிய தாரை அங்கேயே முறிகிறது, பெரிய துளிகள் துணியில் நின்றுவிடுகின்றன. நுண்ணியவை ஓரத்தால் கசியும், அவற்றை யன்னல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஹிப்ழ் மத்ரஸாக்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே மண்டபத்தில், தோளோடு தோள் முட்ட, உரத்த குரலில் மணிக்கணக்காக ஓதுகிறார்கள், இரவில் அதே மண்டபத்திலோ பக்கத்து மண்டபத்திலோ தூங்குகிறார்கள். ஓதுவதைக் குறைக்க எவரும் சொல்லப்போவதில்லை. வராந்தாவிலும் மர நிழலிலும் ஓதவிடலாம், வெளியில் முகில் உடனே கலைந்துவிடும். மண்டபத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல் இருந்தால் இரண்டையும் திறக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று நுழைய வழியுண்டு, போக வழியில்லை. யன்னல் ஒரு பக்கந்தான் என்றால், நிற்கும் மின்விசிறி ஒன்றை யன்னலுக்கு முகம் கொடுத்து, வெளியே ஊதும்படி வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றை அது தள்ளும், கதவால் புதுக் காற்று வரும். குளிரூட்டி பூட்டித்தான் ஆகவேண்டும் என்று நிர்வாக சபை முடிவெடுத்தால், எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு வெளியேற்று விசிறியையும் சேர்த்துப் பூட்டுங்கள். குளிரூட்டியின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே அல்ல. ஜும்ஆ முடிந்து எல்லோரும் போன பிறகு அரை மணித்தியாலம் எல்லாக் கதவையும் திறந்து வைப்பதற்குச் செலவே இல்லை.

இதைச் சொன்னால் எமது பகுதியில் இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று கச்சான் காற்று. மே மாதத்திலிருந்து சூடும் புழுதியுமாக அடிக்கும்போது யன்னலைத் திறந்தால் கொப்பியெல்லாம் மண். அது உண்மை. ஆனால் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்குப் பக்கத்தில் மேல் யன்னலை மட்டும் ஒரு சாண் திறந்து, கிழக்குப் பக்கத்தை முழுதாகத் திறந்தால் புழுதி குறையும், காற்று ஓடும். மற்றது நுளம்பு. டெங்குவுக்குப் பயந்து மஃரிபுக்கு முன்னரே யன்னல்களை அடிக்கிறோம், அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. யன்னலுக்கு நுளம்பு வலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள். வலை காற்றைக் கொஞ்சம் மறிக்கும், அதனால் திறப்பைச் சற்றுப் பெரிதாக வைக்கவேண்டும். ஐந்தாறு மாதத்தில் வலையின் கண்களில் தூசு அடைத்துக்கொள்ளும். கையை வைத்துப் பார்த்தால் வெளியே காற்று அடிக்கும்போதும் உள்ளே ஒன்றும் வராது. அப்போது கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டவேண்டும்.